தொகுத்தவன் கொடை

தனக்குரிய பொருளைப் பிறர்க்கு மனமுவந்து அளிப்பது கொடை. அவ்வாறாயின், பிறர் படைத்த பாடல்களைத் தேர்ந்து, நிரல்பட அடுக்கி, அன்பளிப்பாகத் தருபவன் எதனைத் தருகின்றான்? பாட்டைப் புனைந்தவர் ஒருவர், இசை அமைத்தவர் ஒருவர், பாடியவர் மற்றொருவர். இடையே நிற்கும் தொகுப்பாளனுக்குக் கொடையாளன் என்னும் பெயர் பொருந்துமா?

இவ்வினா தமிழர்க்குப் புதிதன்று. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். புறநானூற்றைத் தொகுத்தவர் பெயரோ மறைந்துபோயிற்று. ஆனால் பாடிய புலவர்தம் பெயர்கள் வாழ்கின்றன. இயற்பெயர் அறியப்படாதவர்க்கும் அவர் பாட்டின் தொடரையே பெயராக்கிச் ‘செம்புலப்பெயல்நீரார்’ என வழங்கினர் நம் முன்னோர். தம்மைப் பின்னிறுத்திப் பிறரை முன்னிறுத்திய இப்பண்பின் பொருளை நான் கேமரன் மலையிலேதான் உணர்ந்தேன்.

அது 1990ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லவிருந்த நான், கியா பார்முக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த லயத்தில் 12 வீடுகள். பொங்கலன்று முற்றத்தில் ஒலிக்கச் செய்வதற்காகப் பாடல்கள் சிலவற்றை ஒலிநாடாவில் பதிந்து வழங்கினேன். 60 நிமிட நாடா. பக்கத்திற்கு 30 நிமிடம். 14 பாடல்களே அதில் அடங்கின. அத்தனையும் இலக்கியச் சுவை மிக்கவை என நான் கருதியவை. மக்கள் அமைதியாகக் கேட்டனர். கொழுந்து பறித்தே முதுமை எய்திய பாட்டி ஒருவர் மட்டும், “பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்களுக்குன்னு ஒண்ணையும் காணமே?” என்றார்.

அச்சொல் என்னைத் தைத்தது. என் சுவையைப் பறைசாற்றிவிட்டு, அதனைக் கொடையென்று எண்ணியிருந்தேன்! மறுவாரம் வீடுதோறும் சென்று வினவினேன். ஒருவர் தம் மணநாளில் ஒலித்த பாடலைச் சொன்னார்; ஒரு தாய், மறைந்த மகன் முணுமுணுத்த பாடலைச் சொல்லிக் கண் கலங்கினார். பாட்டி விரும்பியதோ தம் அன்னை பாடிய தாலாட்டு. அஃது எந்தக் கடையிலும் கிடைப்பதன்று. எனவே அவரையே பாடச் செய்து பதிந்தேன்.

12 வீட்டாரின் விருப்பத்தோடு நான் தேர்ந்த பாடல்கள் இரண்டினைச் சேர்க்க எண்ணியிருந்தேன். தாலாட்டு நீண்டது, இடம் போதவில்லை. என் உள்ளத்திற்கு மிக நெருங்கிய பாடலை நீக்கினேன். எஞ்சிய ஒன்றைத் தாலாட்டை அடுத்து வைத்தேன். முன்னர் அவர்கள் பொருட்படுத்தாத அதே பாடலை, அன்று மீண்டும் ஒருமுறை ஒலிக்கச் சொன்னார்கள்.

மக்கள் சுவையை உயர்த்துவது ஆசிரியன் கடமையன்றோ எனச் சிலர் வினவலாம். கடமைதான். ஆயின், பிறர் உள்ளத்தை அறியாதவன் அதனை உயர்த்துவது எங்ஙனம்? வள்ளுவப் பெருந்தகை ‘ஒப்புரவறிதலை’ 22ஆம் அதிகாரமாகவும் ‘ஈகையை’ 23ஆம் அதிகாரமாகவும் அமைத்துள்ளார். அறிதல் முன்னே, அளித்தல் பின்னே என்பதை அவ்வைப்பு முறையே எனக்கு உணர்த்துகின்றது.

இன்று ஒலிநாடா வழக்கொழிந்தது. நூறு பாடல்களைக் கைப்பேசி வழியே நொடிப்பொழுதில் அனுப்பிவிடுகிறோம். இடத்திற்குக் குறைவில்லை, ஆதலால் எதனை நீக்குவது என்னும் துன்பமும் இல்லை. கேட்போர் யார் என எண்ணிப் பார்க்கும் தேவையும் குறைந்துவிட்டது.

மாணவச் செல்வங்களே, பாடல் தொகுத்துத் தர விரும்பினால் முதலில் பிறர் வாசலில் நின்று கேளுங்கள். பாடியவர் பெயரைப் பிழையின்றி எழுதுங்கள். உங்களுக்கு மிக விருப்பமான ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் வருந்தாதீர்கள். அத்தொகுப்பில் உங்களுடையது என்று சொல்லத்தக்க கொடை, விட்டுக்கொடுத்த அந்த ஒரு பாடலே.