கோயில் பார்க்கும் இடமா? கொழும்பின் பருவங்களும் வழிபாடும்

கொழும்பில் வெயில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். மாறுவது மழை. ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழை, தென்மேற்குப் பருவக்காற்று எழும் மே மாதத்திலும் இடைப்பருவ மாதங்களான ஒக்டோபர், நவம்பரிலும் மிகுதியாகக் கொட்டுகிறது. ஜனவரியும் பெப்ரவரியும் உலர்ந்த மாதங்கள். மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரையான காலத்தைத்தான் சுற்றுலாத் துறை ‘சீசன்’ என்கிறது. அந்த மாதங்களில் வரும் பயணி கங்காராம விகாரை, புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், கொட்டாஞ்சேனையை ஒட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் ஆகிய நான்கையும் ஒரே நாளில் முச்சக்கரவண்டியில் சுற்றிப் பார்த்துவிட முடியும்.

அதே தலங்களுக்கு நம்பிக்கையாளர் திரளும் காலம் வேறு. பௌத்தர்களின் வெசாக் முழுநிலா பெரும்பாலும் மே மாதத்தில், மழை வலுக்கும் நாட்களில் வருகிறது. மூங்கிலும் கடதாசியும் கொண்டு கட்டிய வெசாக் கூடுகளுக்குப் பொலித்தீன் உறை போட்டுக் காப்பது பல வீடுகளில் நடக்கும் வேலை. அந்தோனியார் திருநாள் ஜூன் 13, தென்மேற்குப் பருவத்தின் நடுவில். ஆடி மாதத்து முருகன் விழாவான ஆடிவேலின்போது மழை மே மாதத்தளவு கனமில்லை என்றாலும், வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதையின் கற்களில் அலை வந்து மோதுமளவுக்குக் கடல் கொந்தளித்திருக்கும். ஒரு சாரார் வானம் பார்த்து வருகிறார்கள், மறுசாரார் திதியும் நட்சத்திரமும் திருநாளும் பார்த்து வருகிறார்கள்.

இதிலிருந்து ஒரு பழைய கேள்வி எழுகிறது. பார்க்க வருவதற்கும் வழிபட வருவதற்கும் உண்மையில் வேறுபாடு என்ன? பார்வையாளர் பெருகினால் தலத்தின் புனிதம் குறைகிறதா?

நம்பிக்கை உள்ளவர் அடியார், இல்லாதவர் பயணி என்று பிரிப்பது எளிது. ஆனால் மனிதர் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுபவர்களில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வேண்டுதல் முடிந்ததும் புறக்கோட்டைக் கடைகளுக்குள் நுழைவார்கள். வேல் விழாவிலும் தேருக்குக் கூடிய அளவு கூட்டம் காலி வீதிக் கடைகளுக்கும் கூடும். திருவிழாவில் வேடிக்கையும் வாணிபமும் என்றும் கலந்தே இருந்தன. அவற்றைக் குறையாகச் சொல்ல முடியாது.

வேறுபாட்டைக் காட்டுவது, வருபவர் எதற்கு உடன்பட்டு வருகிறார் என்பதே. ஆடிவேலின் தோற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். கதிர்காம யாத்திரை காட்டுவழி நடை. மழை, வெயில், நோய் எல்லாம் அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி அச்சத்தால் ஆங்கில அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தியபோது, நகரத்துச் செட்டியார்கள் கொழும்பிலேயே விழா எடுக்கத் தொடங்கினர். 1874 அதன் தொடக்க ஆண்டாகச் சொல்லப்படுகிறது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் வெள்ளித் தேரில் பம்பலப்பிட்டிக்கு வருகிறது. தலத்துக்குப் போக வழியில்லாதபோது விழா அடியாரிடம் வந்தது. இடம் மாறியபோதும் ஆடி மாதத்தை வசதிக்காக யாரும் தைக்கு மாற்றவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. கங்காராம விகாரையின் நவம் பெரஹெரா 1979இல் தொடங்கிய புதிய விழா. பெப்ரவரி முழுநிலாவை ஒட்டி, உலர்ந்த காலத்தில் நடப்பது. பயணிகளுக்கும் வாய்ப்பான பருவம் அது. அதனால் அதன் பக்தி குறைந்தது என்று சொல்வது நேர்மையாகாது. வெயிலில் நடந்தால்தான் வழிபாடு என்று ஒரு சமயமும் விதிக்கவில்லை. துன்பம் தன்னளவில் புனிதமல்ல. நாளைத் தன் வசதிக்கு வளைக்காமல் நாளுக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது.

ஒரு தலம் எதிலிருந்து பிறக்கிறது என்பதைக் கொச்சிக்கடைத் தேவாலயத்தின் மரபுக்கதை கடலை வைத்துச் சொல்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கொச்சியிலிருந்து வந்து மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவிடம், கரையைக் கடல் அரிப்பதைத் தடுக்க வேண்டுமென்று மீனவர் கேட்டார்களாம். அவர் கடற்கரையில் சிலுவையை நட்டுச் செபித்தார். கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்தது என்பது கதை. இப்போதைய ஆலயம் 1834இல் நிறைவுற்றது. கதையை வரலாறாக ஏற்காதவரும் ஒன்றைக் கவனிக்கலாம்: இந்தத் தலம் பிறந்தது அழகிய காட்சியிலிருந்தல்ல, கடலால் வாழ்ந்து கடலுக்கு அஞ்சிய மக்களின் தேவையிலிருந்து.

காட்சிக்கும் வழிபாட்டுக்கும் உள்ள தூரத்தைக் கொழும்பிலேயே அளந்து பார்க்கலாம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை 1850களில் நிறுவியவர் பொன்னம்பல முதலியார். அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதைத் தென்னிந்தியச் சிற்பிகளைக் கொண்டு முழுவதும் கருங்கல்லில் மீண்டும் எழுப்பினார். அதே 1907, 1908ஆம் ஆண்டுகளில் பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளிலிருந்து சோழர் மரபுச் செப்புத்திருமேனிகள் தோண்டி எடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. நடராசர் அவற்றுள் ஒருவர். அந்தத் திருமேனிகளைப் பற்றி 1914இல் நூல் வெளியிட்ட கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இராமநாதனின் தாய்மாமன் முத்துக் குமாரசுவாமியின் மகன்.

கருங்கல் கோயிலில் வெளியே நண்பகலானாலும் உள்ளே அரையிருள். கல் குளிர்ந்திருக்கும், எண்ணெய் விளக்கின் ஒளியில் திருமேனியின் ஒரு பகுதிதான் தெரியும். நடராசருக்கு ஆண்டில் ஆறு அபிடேகங்களை விதிக்கிறது ஆகம மரபு. மார்கழித் திருவாதிரை, ஆனி உத்தரம் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. நூதனசாலையில் திருமேனி நல்ல வெளிச்சத்தில், விரல் நுனி வரை தெளிவாகத் தெரிகிறது. பாலும் இல்லை, பூவும் இல்லை. கலையை ஆராய்பவருக்கு இரண்டாவது இடமே வாய்ப்பானது. ஆனால் குமாரசுவாமி பின்னாளில் பொஸ்டன் நூதனசாலையில் பணியாற்றியபடியே வலியுறுத்திய கருத்து வேறு: வழிபாட்டுக்கென வார்த்த உருவம் ஒரு பயனுக்காகச் செய்யப்பட்டது, அந்தப் பயனை விட்டு அழகை மட்டும் நுகர்வது அதைப் பாதியளவே அறிவது.

பார்வையாளரால் புனிதம் குறைகிறதா என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் ஆழமான விடை தருகிறது. சிவம் எங்கும் நிறைந்தது என்றால் கண்ணாடிப் பேழைக்குள்ளும் அது இல்லாமற் போகாது. பின் கோயில் எதற்கு? சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சேர்த்தே அரனாகத் தொழச் சொல்கிறது. ஆலயம் அங்கே தனியாக நிற்கவில்லை. தேவாரப் பாடல் பெற்ற ஈழத் தலங்கள் திருக்கேதீச்சரமும் திருக்கோணமலையும் மட்டுமே. அந்த வரிசையில் இல்லாத கொழும்பின் கோயில்கள் துறைமுக நகரத்து வணிகரும் குடியேறியவரும் எழுப்பியவை. அவற்றைத் தலமாக்கியது நாள்தோறும் வந்து நின்ற மக்கள். எனவே பார்வையாளரின் கண்ணால் அவை தேய்வதில்லை. அடியார் வராமற்போனாலே தேயும்.

சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் சிவாலய தரிசன விதிகளை இந்த வெளிச்சத்தில் படிப்பது நல்லது. நீராடித் தூய உடை உடுத்துப் போவது, கொடிமரத்தின் அருகே வணங்குவது, வலம் வருவது, இறுதியில் அமர்ந்து ஐந்தெழுத்தை ஓதி எழுவது என அவை செல்கின்றன. இவை காண்பவர் தம்மை ஆயத்தம் செய்யும் முறைகள். பயணியிடம் இதில் நம்பிக்கையைக் கேட்க முடியாது, அடக்கத்தைக் கேட்கலாம்.

பார்வைக்கு எல்லை எங்கே என்பதை 2019 ஏப்ரல் 21 காட்டியது. உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். ஆலயம் திருத்தப்பட்டு அவ்வாண்டு ஜூன் திருநாளுக்கு முன்பே மீண்டும் திறக்கப்பட்டது. உறவுகளை இழந்தவர்கள் முழந்தாளிட்டிருக்கும் இடத்தில் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுப்பவர், எந்தச் சமயத்தவரானாலும், அந்த நேரத்தில் தவறு செய்கிறார். தலங்களை மூடுவது இதற்குத் தீர்வாகாது. பூசை நேரத்தையும் நடைமுறையையும் பயணிகளுக்காக மாற்றாமல் இருப்பதே நிர்வாகங்கள் காக்க வேண்டிய வரம்பு.

கொழும்பின் தலங்களை அறிய விரும்புபவர் பெப்ரவரியில் ஒருமுறை வந்தால் கட்டடங்களை வசதியாகப் பார்க்கலாம். ஜூன் 13 மாலையிலோ ஆடிவேல் அன்றோ குடையோடு வந்து, கூட்டத்தில் நின்று, சிறிது நேரம் படம் எடுக்காமல் இருந்து பார்க்கட்டும்.