சாப்பிட்டீங்களாம்மா?

சித்தியை ஏமாற்றியவன் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லையாம். "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, வீடியோ காலை கட் பண்ணாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மிரட்டியவன், மதியமானதும் "சாப்பிட்டீங்களாம்மா?" என்றும் கேட்டிருக்கிறான். இதற்கு அவன் வைத்த பெயர் 'டிஜிட்டல் கைது'; அப்படி ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. இரண்டு நாள் அறைக்குள் உட்காரவைத்து, எஃப்.டி.யை உடைத்துப் பணத்தை அனுப்ப வைத்துவிட்டான். பணம் போனதைச் சொன்னபோது அழாத சித்தி, அந்தக் கேள்வியைச் சொன்னபோது அழுதார்.

2002இல் டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் மூன்று குணங்களைச் சேர்த்து 'இருண்ட மும்மை' என்றார்கள்: தன்னையே வியப்பது, அடுத்தவரைக் காயாக நகர்த்துவது, குற்ற உணர்வு எழாத கல்மனம். சரிதான். ஆனால் கல்மனம் என்றதும், அவனுக்கு அடுத்தவர் மனம் புரியாது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். நன்றாகவே புரியும். எங்கே தொட்டால் வலிக்கும் என்று வைத்தியரைப் போலத் தெரியும். வலி மட்டும் அவன் பக்கம் வராது.

குணத்தின் மேலேயே பழியைப் போட்டுவிடவும் முடியவில்லை. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரின் மியாவதியில் அடைக்கப்பட்டு, முகம் தெரியாதவர்களை ஏமாற்றச் சொல்லி வதைக்கப்பட்டார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் கணித்தது. அங்கே வசனம் எழுதுகிறவன் ஒருவன், பேசுகிறவன் வேறொருவன். சித்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவனே பட்டினியாக இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. (இதைச் சித்தியிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.)

கல்மனமோ, கட்டாயமோ, இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: பொறுமை. பேச ஆளில்லாத ஒருவர் சொல்வதை மணிக்கணக்கில் கேட்கும் பொறுமை. மகனுக்கு என்ன வேலை, முழங்கால் வலி எப்படி, ராத்திரி தூக்கம் வருகிறதா, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு முழங்கால் வலியே தெரியாது.

'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். அந்த இரண்டு நாளும் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட அவரை அழைக்கவில்லை. நான் இரண்டு காலை வணக்கப் படங்கள் அனுப்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் கதவைத் தட்டியவர் பால்காரர். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் போடச் சொன்னதும் அவர்தான்.