வீணாய்ப் போய்விடும்

பங்குனி பிறந்துவிட்டால் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பக்கத்து வீடுகளில் முருங்கை மரங்கள் கொஞ்சமும் பொறுப்பில்லாமல் காய்க்கத் தொடங்கிவிடும். மதிலோரம் ஒரு மரம் இருந்தால் போதும். வீட்டில் இருப்பவர்கள் நாலு பேர்தான் என்பது அந்த மரத்துக்குத் தெரியாது. மாமரம் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். ஒரே வாரத்தில் கூடை கூடையாய்ப் பழுத்துத் தொலையும். முன்பெல்லாம் இதற்கு இருந்தது ஒரே வழிதான். வீட்டு அம்மாள் பத்துக் காயை முறத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நிற்பாள். "அக்கா, இதைக் கொஞ்சம் எடுத்துக்குங்க. வெச்சிருந்தா வீணாப் போயிடும்" என்பாள்.

இப்போது அவளுக்கு இன்னொரு வழி கிடைத்திருக்கிறது. காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, துணியில் பரப்பி ஈரம் போக்கி, பையில் காற்றில்லாமல் அடைத்து ஃப்ரீஸருக்குள் தள்ளிவிடுகிறாள். மார்கழியில் முருங்கைக்காய் விலை ஏறி நிற்கிறபோது அவள் வீட்டில் சாம்பார் மணக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாசனை மட்டும் போகிறது.

இது சரியா, தப்பா? இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்கலாம். தர்மம், அதர்மம் என்பதெல்லாம் பாரதப் போரில் மட்டும் வருகிற விஷயம் என்று நான் நினைக்கவில்லை. அடுக்களையில்தான் அது அதிகமாக வருகிறது.

முதலில் அந்தப் பெட்டியின் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காயைப் பறித்த பிறகும் அதற்குள்ளே என்ஸைம்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நிறத்தையும் ருசியையும் மெல்ல மெல்ல மாற்றுவது அவற்றின் வேலை. குளிர் அவற்றைச் சோம்பலாக்குமே தவிர நிறுத்தாது, சூடுதான் நிறுத்தும். அதனால்தான் பட்டாணிக்கு ஒன்றரை நிமிஷம், பீன்ஸுக்கு மூன்று நிமிஷம் என்று வெந்நீர்ச் சடங்கு. மாம்பழத் துண்டுக்கு அது வேண்டாம். தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் போட்டால் போதும். வெள்ளரிக்காயை மட்டும் வைத்துவிடக் கூடாது. வீட்டு ஃப்ரீஸர் மெதுவாகத்தான் உறையவைக்கும். மெதுவாக உறைந்தால் உள்ளே பனித்துண்டுகள் பெரிதாகி காயின் நெஞ்சைக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் வெள்ளரி துவண்டு போய்க் கிடக்கும். வேகமாக உறைந்தால் கெடுதல் குறைவு என்பதை அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1912க்குப் பிறகு லாப்ரடார் பனிப் பிரதேசத்தில் இனுயிட் மக்கள் மீனைக் காற்றில் உறையவைப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1930இல் அந்த முறையில் செய்த பண்டங்கள் மாஸசூஸெட்ஸில் கடைக்கு வந்தன. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி செல்ஸியஸில் வைத்தால் பல மாதம் தாங்கும். கிருமிகள் அங்கே சாவதில்லை, தூங்குகின்றன. வெளியே எடுத்தால் எழுந்துகொள்ளும்.

அந்தப் பெட்டியால் யாருக்கு லாபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து, இரண்டு பஸ் மாறி, எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை நறுக்கி உறையவைத்த காய் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது, உட்கார்ந்த இடத்தில் தட்டு வரும் ஆண்களுக்கு விளங்காது. பழைய காலத்துப் பெருமை பேசுகிற எழுத்தாளர்களில் பலர் வற்றல் போட்டதில்லை; மொட்டை மாடியில் காக்கை ஓட்டியதுமில்லை. நானும் ஆண்தான், ஆகையால் அந்த ஏக்கத்தை ஜாக்கிரதையாகவே தொடுகிறேன்.

அப்படியானால் இது பதுக்கலா? அந்த வார்த்தை இங்கே பொருந்தாது என்பது என் கட்சி. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் தேவை என்று தீர்மானம் போட்டது. அத்தியாவசியப் பண்டச் சட்டம் வந்ததும் அந்த வருஷம்தான். கிடங்கில் மூட்டைகளை அடுக்கி விலையை ஏற்றுகிறவனைப் பிடிக்க வந்த சட்டம் அது. இரண்டு கிலோ பட்டாணியை உறையவைக்கிற குடும்பப் பெண்ணை அல்ல. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தபோது, மலிந்த நாளில் வாங்கி அரைத்து உறையவைத்திருந்த வீட்டுக்காரி சந்தைக்குப் போகவில்லை. அவளால் விலை ஏறவில்லை. வரிசையில் ஓர் ஆள்தான் குறைந்தது.

பதுக்கலைவிட அழுகல்தான் நம் ஊரின் பெரிய துக்கம். 2020 மே மாதம், கோயம்பேட்டில் தொற்று பரவியதால் காய்கறிச் சந்தையைப் பூவிருந்தவல்லிக்கு அப்பால் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசிவரை அங்கேதான் இருந்தது. திறந்த வெளி, மழை பெய்தால் சேறு, விற்காத காய்கள் குவியலாய் அழுகின. ஆழ்வார் பிறந்த ஊரில் அந்த நாற்றத்தை முகர்ந்தவர்கள் எவரும், காயை அழியாமல் காக்கிற இயந்திரத்தைப் பாவம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறு ஒன்று.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர், 1689இல் வெளியான தம் நூலில், ஒருவன் எவ்வளவு பொருளைத் தனதென்று சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டு, ஒரு வேலி போட்டார். கெட்டுப் போவதற்குள் எவ்வளவு அனுபவிக்க முடியுமோ அவ்வளவு. அதற்கு மேல் வைத்திருந்து அழுகவிட்டால் அது பிறர் பங்கு. ஒரு வாரத்தில் அழுகும் பழத்தைக் கொடுத்து, ஒரு வருஷம் தாங்கும் கொட்டையை வாங்கிக்கொண்டால் குற்றமில்லை என்றும் அவரே சொல்கிறார். அங்கிருந்து, என்றைக்கும் அழுகாத பொன்னுக்குப் போகிறார். வேலி போன இடம் தெரியவில்லை. லாக்குடைய பொன் செய்த வேலையைத்தான், சின்ன அளவில், நம் ஃப்ரீஸர் பழத்துக்கும் செய்திருக்கிறது. அழுகல் என்பது இயற்கை நமக்குப் போட்ட வரி. அந்த வரி பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது வரி ரத்தாகிவிட்டது.

"அழுகப் போவதைக் கொடுத்தது ஒரு தர்மமா? தனக்கு ஆகாததைத்தானே கொடுத்தாள்?" என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானது. கொடுத்தவளின் மனசை மட்டும் நிறுத்துப் பார்த்தால் அது பெரிய ஈகை இல்லைதான். வைத்துக்கொள்ள முடியும் என்கிற நிலையில், வைத்துக்கொள்ளாமல் கொடுக்கிறவளே உண்மையில் கொடுக்கிறாள். அந்தக் கணக்கில் ஃப்ரீஸர் தர்மத்தைக் கெடுக்கவில்லை. பரீட்சையைக் கடினமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வாங்குகிறவளை யார் நினைத்தார்கள்? "வெச்சிருந்தா வீணாப் போயிடும்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் எத்தனை நாகரிகம் இருக்கிறது! உன் வீட்டில் காய் வாங்கக் காசில்லை என்று எனக்குத் தெரியும் என்று அது சொல்லவில்லை. எனக்கு ஒரு சங்கடம், நீ உதவி செய் என்று சொல்லுகிறது. கொடுக்கிறவள் ஒரு படி இறங்கி நிற்கிறாள். வாங்குகிறவள் தலை நிமிர்ந்து, "சரி, குடும்மா, நான் என்ன பண்றது" என்று சலித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாள். மாதக் கடைசியில் அந்தச் சலிப்புக்குள்ளே எத்தனை வீடுகளின் மானம் ஒளிந்து பிழைத்திருக்கிறது! அழுகல் பொய் சொல்லாத ஒரு சாக்கு. இன்று, வாசலிலிருந்தே தெரிகிற இரட்டைக் கதவுப் பெட்டியை வைத்துக்கொண்டு, "வீணாப் போயிடும்" என்று யார் சொன்னாலும் எதிராளிக்கு அது பொய் என்று தெரியும். பொய் தெரிந்துவிட்டால், வருவது காயல்ல, இரக்கம். அதை வாங்கக் கை கூசும். பெட்டி நம்மிடமிருந்து பறித்தது காயை அல்ல, அந்த வாக்கியத்தை.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் மரங்கள் கம்பிகளோடு சேர்ந்து சாய்ந்தன. பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரமில்லை. நிறைந்த ஃப்ரீஸர், கதவைத் திறக்காமலிருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும்; பாதி நிறைந்தது என்றால் அதில் பாதி நேரம். மூன்றாம் நாள் காலையில் எங்கள் தெருவில் பெட்டிகள் திறந்தன. பட்டாணியும் சோளமும் தேங்காய்த் துருவலும் பைபையாய் வெளியே வந்தன. ஒரு மாமி எதிர் வீட்டுப் படியேறி, "எடுத்துக்கோடீம்மா, இல்லேன்னா வீணாப் போயிடும்" என்றாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை காதில் விழுந்தது. அதைக் கேட்டுப் பரவசப்பட நான் தயாராக இல்லை. மின்சாரம் வந்தது, கதவுகள் மூடின. அன்றைய தாராளத்துக்குக் காரணம் புயல், மனசல்ல.

பெட்டியின் மேல் பழி போடுவதும் எளிதல்ல. பெசன்ட் நகரில் 2017இல் ஒரு பல் மருத்துவர், ஆத்திசூடியிலிருந்து பெயர் எடுத்துச் சூட்டி, தெருவைப் பார்த்து ஒரு குளிர்பெட்டியை வைத்தார். இருப்பவர் வைக்கலாம், இல்லாதவர் எடுக்கலாம். யார் வைத்தார், யார் எடுத்தார் என்ற கேள்வி இல்லை. அழுகல் செய்துவந்த மரியாதையை அங்கே முகம் தெரியாமை செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அண்டை வீட்டுக்காரிக்கு முகம் தெரியாமலிருக்க முடியாதே! அவளுக்குப் பெயர் தெரியும். புடவை எத்தனை என்று தெரியும். பையனின் பரீட்சைக் கட்டணம் கட்டியாகவில்லை என்பதுகூடத் தெரியும். அவளுக்கு வேறு வாக்கியம்தான் வேண்டும்.

திருமுல்லைவாயில் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். அவள் வீட்டு முருங்கை உயரமானது. முருங்கைக் கிளையை நம்பி யாரும் ஏறுவதில்லை, தொரட்டிதான். காய்க்கிற காலத்தில் பின் வீட்டுக்குப் போய், "அக்கா, எனக்குக் கை எட்டலே, சாயங்காலம் தொரட்டி பிடிக்க உங்க பையனை அனுப்புங்க. பறிக்கிறதுல பாதி உங்களுக்கு" என்கிறாள். பையன் வருகிறான், பறிக்கிறான், பாதியை எண்ணி எடுத்துக்கொண்டு போகிறான். மீதியை அவள் நறுக்கி, வெந்நீரில் போட்டெடுத்து, பையில் அடைத்துத் தேதி எழுதுகிறாள். அவள் புருஷன் ஆறடி உயரம்; சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.