கடற்கரையில் மஃரிபு



சேலம், நாமக்கல் பகுதியில் வாழும் நமக்குக் கடல் எப்போதாவது காணக் கிடைக்கும் காட்சி. நாம் அறிந்த பெருநீரெல்லாம் மேட்டூர் அணையும் காவிரியும்தான். விடுமுறை வந்தால் பிள்ளைகள் கடல் பார்க்க அடம் பிடிக்கிறார்கள். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். கடலை வசப்படுத்தித் தந்ததைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹுத் தஆலா திருமறையில் (16:14) எடுத்துரைக்கிறான்.

திருச்செந்தூருக்கு வடக்கேயுள்ள காயல்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்ப்பாட்டமில்லாத கடலோர ஊர். மாலையானால் குடும்பம் குடும்பமாக மணலில் வந்து அமர்கிறார்கள். மன்னார் வளைகுடாவை நோக்கிய அந்தக் கரை கிழக்குப் பார்த்தது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், ஊருக்கு அப்பால் மறைகிறது. அலையையே பார்த்திருப்பவருக்கு மஃரிபு வந்ததே தெரியாது. பாங்கு காதில் விழுந்தாலும், "பிள்ளைகள் ஆடி முடிக்கட்டும், அறைக்குப் போய்த் தொழலாம்" என்ற எண்ணம். மஃரிபின் நேரமோ ஏறக்குறைய ஒன்றேகால் மணிதான். நனைந்த பிள்ளைகளைத் துடைத்து, சுண்டல் வாங்கிக் கொடுத்து, வண்டி ஏறுவதற்குள் அது போயே போய்விடும்.

கேட்டால், ஒளு செய்யத் தண்ணீர் இல்லை என்கிறார்கள். கண்ணெதிரே கடல்! உப்பு நீரில் ஒளு கூடுமா என்ற ஐயம் புதியதன்று. கடற்பயணம் செய்யும் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். தாங்கள் கொண்டு செல்லும் நன்னீர் கொஞ்சம், அதில் ஒளு செய்தால் தாகத்துக்கு இராது, கடல்நீரில் செய்யலாமா என்று கேட்டார். கடல்நீர் தூய்மையானது, அதில் இறந்ததும் ஹலால் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீது முவத்தாவிலும் அபூதாவூது, திர்மிதீயிலும் உள்ளது. ஆகவே கடலருகே இருந்துகொண்டு தயம்மும் செய்யவும் வழியில்லை.

அடுத்து, பயணத் தொழுகை. சேலத்திலிருந்து காயல் சுமார் 400 கிலோமீட்டர். நம்மில் பெரும்பாலோர் ஹனபிகள். 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் செல்பவர் முஸாபிர். அங்கே 15 நாளுக்குக் குறைவாகத் தங்குவதானால் லுஹர், அஸர், இஷாவை 2 ரக்அத்தாகச் சுருக்கியே தொழ வேண்டும். உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் மட்டும் முழுமையாகத் தொழ வேண்டும். மஃரிபுக்குச் சுருக்கமில்லை, எங்கும் 3 தான். (லாரித் தொழிலிலுள்ள நாமக்கல் சகோதரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.) காயலார் ஷாபிஈகள். முஸாபிர் மஃரிபை இஷாவோடு சேர்த்துத் தொழ அந்த மத்ஹபில் அனுமதி உண்டு. அதைக் கேள்விப்பட்டு ஹனபியும் தள்ளிப்போடலாகாது.

கடற்கரை என்றதும் பெண்களின் உடையைப் பற்றியே பேசுகிறோம். தொடை தெரிய அரைக்கால்சட்டையோடு அலையில் நிற்கும் ஆண்களை யாரும் கேட்பதில்லை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை ஆணும் மறைக்க வேண்டிய பகுதி. அந்தக் கோலத்தில் தொழுகை கூடாது. பையில் ஒரு கைலி இருந்தால் போதும்.

சுத்தமான மணலில் விரிப்பில்லாமலும் தொழலாம். கிப்லா மேற்கே, சற்று வடக்காக. கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். தகப்பனார் முன்னே, பிள்ளைகள் பின்னே, தாயார் அவர்களுக்குப் பின்னே. பர்ளு முடியப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அந்த ஹதீதின் பிற்பகுதி இரவுச் சாப்பாட்டில் வந்து நிற்கும். காயல் வீட்டார் கணவாய் பரிமாறினால் அவர்கள் மத்ஹபில் அது ஹலால். ஹனபிக்குக் கடலில் மீன் மட்டுமே. முகம் சுளிக்காமல் மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.