காயம்பட்ட கோழியும் கத்தியும்

கம்பத்து வீடுகளில் இரவு முசாங் கோழிக்கூட்டில் புகுந்துவிட்டால், விடிந்ததும் நம்மவர் தேடுவது மருந்தையல்ல, கத்தியை. "உயிர் போகுமுன் அறுத்துவிடு, வீணாகிவிடும்" என்கிறோம். விலங்கு கடித்ததை உயிருள்ளபோதே முறைப்படி அறுத்தால் உண்ணலாமென்று திருமறையின் 5ஆம் அத்தியாயம் 3ஆம் வசனம் இடமளிக்கிறது. மெய்தான். ஆனால் அது அனுமதியேயன்றிக் கட்டளையன்று.

குடல் சரிந்து துடிக்கும் கோழியை அறுப்பது இரக்கம். முதுகுத்தோல் மட்டும் கிழிந்து, கண் திறந்து, தண்ணீர் குடிக்கும் கோழியை அறுப்பது எதற்காக? ஆணத்துக்காக என்றால் அப்படியே சொல்லிவிடலாம், அதுவும் ஹலாலே. அதற்கு இரக்கமென்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு ஒவ்வவில்லை.

பிழைக்கவைக்கப் பெருஞ்செலவில்லை. கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. காயத்தைச் சுற்றியுள்ள இறகை வெட்டிவிட்டு அதனால் கழுவவேண்டும். பல் பதிந்த துளை மேலே சிறிது, உள்ளே ஆழம். மற்றக் கோழிகளோடு விடலாகாது; இரத்தத்தைக் கண்டால் அவையே கொத்திக் கொன்றுவிடும். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைக்கும். ஆகவே வலையால் மூடிய கூடையில், இருட்டு மூலையில் வைத்துத் தினம் இருவேளை பார்க்கவேண்டும்.

ஒரு கோழிக்கு இத்தனை பாடா என்பாருண்டு. காட்டுக்கோழி மரக்கிளையில் உறங்கும். நம் கோழியைக் கூட்டில் அடைத்தவர் நாம், தாழ்ப்பாளும் நம்முடையது. அந்தக் கூட்டின் ஓட்டையையும் அன்றே அடைத்துவிடுங்கள், முசாங் மறுபடியும் வரும்.