கன்னத்து மச்சமும் பத்துக் கேள்வியும்



நிறுக்கவும் அளக்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்குவதை மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். ஆனால் ஒரு பிள்ளையின் மனச்சுமையை எந்தத் திராசில் வைப்பது?

நமது சகோதரி மகனுக்கு வயது பதினைந்து. இடது கன்னம் முழுதும் பிறவியிலேயே சிவந்த மச்சம். பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்தவனை, வருகிறவர்கள் ஏதாவது கேட்டுச் சங்கடப்படுத்துவார்களே என்று பின்பக்கத்துச் சாமான் அறையில் உட்கார வைத்தோம். இரக்கம் என்று எண்ணித்தான் செய்தோம்.

பிறகு தோல் வைத்தியரிடம் அழைத்துப் போனபோது அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். நாலு வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 1995-ல் பிரிட்டன் வைத்தியர்கள் வெளியிட்ட பத்துக் கேள்விகளாம். போன ஒரு வாரத்தில் அரிப்பு, கூச்சம், சிநேகிதம், உடை, விளையாட்டு, படிப்பு, உறக்கம் எப்படி என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. எண் ஏற ஏறச் சுமை அதிகம். மச்சம் எத்தனை அங்குலம் என்று ஒரு கேள்வியும் இல்லை!

அரிப்புக்கு 0 போட்டான். உறக்கத்துக்கும் 0. பிறர் கேலி செய்வது, ஒதுக்குவது பற்றிய கேள்விக்கு 3 போட்டான்.

"யார்டா ஒதுக்கினது?" என்றோம்.

"நீங்கதான் மாமா, உள்ளே உட்கார வெச்சீங்க."

வைத்தியர் முகத்தைப் பார்க்க நம்மால் முடியவில்லை.

ஜாஹிர் (ரலி) என்ற கிராமவாசியின் சம்பவம் திர்மிதீயின் 'ஷமாயில்' நூலில் வருகிறது. பார்வைக்கு அழகில்லாதவர். மதீனாவில் சரக்கு விற்றுக்கொண்டிருந்த அவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, இவரை வாங்குவார் யார் என்று விளையாட்டாகக் கூவினார்கள். நான் விலைபோகாத சரக்கு என்றார் அவர். அல்லாஹ்விடம் நீர் விலையுயர்ந்தவர் என்றார்கள் நாயகம் அவர்கள். இது சாமான் அறையில் நடக்கவில்லை, சகோதரர்களே. ஆள் கூடும் கடைத்தெருவில் நடந்தது.

அந்தத் தாளில் தாய்க்கென்று கேள்வி இல்லை. கிரகணத்தில் வெளியே வந்தவள் என்று நம் வீட்டுப் பெண்கள் பதினைந்து வருஷமாகச் சகோதரியைக் குத்திக்காட்டி வந்தார்கள். நாமும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். தம் மகன் இப்ராஹீம் இறந்த அன்று கிரகணம் பிடித்தபோதே, எவருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் அது பிடிப்பதில்லை என்று நாயகம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். இவனுக்கு இருப்பது போன்ற செம்மச்சம் கரு வளரும்போது ஒரு மரபணுவில் நேரும் மாறுதலால் வருவது என்று 2013-ல் கண்டறிந்தார்கள். தாய் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

லேசர் வைத்தியம் உண்டு. பல தடவை போகவேண்டும். நிறம் மங்கும், அடியோடு போவது அரிது. வேண்டுமா என்பதை அவன் சொல்லட்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் அவன் கல்லாவில் உட்காருகிறான். அடுத்த தவணையில் அதே தாள் வந்தது. அந்தக் கேள்விக்கு 1 போட்டான். அந்த ஒன்று யாருக்கு என்று கேட்டோம். நம் சங்கத்து ஆள் ஒருவர் என்றான். பேரைச் சொல்ல மறுத்துவிட்டான்.