ஆமை நடை

நள்ளிரவு தாண்டியாயிற்று. நீலாங்கரை மணல் உள்ளங்காலில் சில்லென்கிறது. தை மாதத்துக் காற்று.

பெசன்ட் நகர் வரை நடை. ஏழு கிலோமீட்டர் இருக்கும். டார்ச் அணைந்தே இருக்கிறது. பேச்சும்.

முதலில் வெறும் இருட்டு. பிறகு அதில் நுரையின் வெள்ளை. அதற்கும் பிறகு, ஈர மணல் முடிந்து காய்ந்த மணல் தொடங்கும் இடம். கண் தானாகப் பழகுகிறது.

1970களிலேயே இந்தக் கரையில் ஆமை தேடி இப்படி நடந்திருக்கிறார்கள். 1988-இல் இந்த நடையை மாணவர்கள் கையில் எடுக்கிறார்கள். அன்றைய மாணவர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். நடை மட்டும் நிற்கவில்லை.

சில இரவுகளில் ஒன்றும் தென்படுவதில்லை. இதற்காகவா தூக்கத்தை விட்டு வந்தது என்று ஒரு நினைப்பு. அலை வருகிறது. நினைப்பு எங்கே விட்டது என்று தெரியவில்லை.

தடம்.

கடலிலிருந்து ஏறி, வளைந்து, திரும்ப இறங்குகிறது. துடுப்புகள் மாறி மாறி இழுத்த கோடுகள். பங்குனி ஆமை. வந்தவள் போய்விட்டாள்.

மூத்தவர் கோலை மெல்ல ஊன்றிப் பார்க்கிறார். கெட்டி. கெட்டி. ஓரிடத்தில் கோல் தானாக இறங்குகிறது.

முழங்கை தாண்டியும் கை உள்ளே போகிறது. விரல் நுனியில் மணல் இளகுகிறது. பிறகு வழவழப்பாக, மெத்தென்று ஒன்று. கோழிமுட்டை ஓடு இல்லை இது. தொட்டால் குழியும் தோல். லேசான வெதுவெதுப்பு. முட்டையுடையதா, கையுடையதா.

ஒவ்வொன்றாகத் துணிப்பைக்குள். எண்ணுகிற குரல் நூறைத் தாண்டுகிறது. கூட்டின் மணலும் கொஞ்சம். உருட்டக் கூடாது. குலுக்கக் கூடாது. பையை ஏந்தியவரின் நடை மாறிவிடுகிறது. இவ்வளவு மெதுவாக அவர் நடந்து பார்த்ததில்லை.

பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு ஒரு குழி. கழுத்து குறுகி, அடி அகன்று, குடம்போல. திரும்பிப் பார்க்காமலே அவள் பின்துடுப்பால் தோண்டுவதை ஓர் ஆள் வியர்க்க வியர்க்கத் தோண்டுகிறார்.

45 நாள். சில கூடுகளுக்கு 60 கூட. ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினால் பெண்.

பார்த்துக்கொண்டே இருந்தாலும் வெறும் மணல்தான்.

2025 ஜனவரி. செத்து ஒதுங்கிய ஆமைகள். சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில். இழுவலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாது. கண் பிதுங்கியிருக்கிறது. நாற்றம் தொண்டைவரை இறங்குகிறது. ஓட்டின் நீளத்தை அளந்து குறிக்க வேண்டும். கை நாடாவைப் பிடிக்கிறது. கைக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் அது போதுமாக இருக்கிறது.

ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் நினைவுக்கு வருகிறார். 1982 மழைக்காலம். லட்சத்தீவில், ஆளில்லாத சுஹேலித் தீவு. ஆமைகளுக்காகத் தனியே தங்குகிறார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விடுகிறார். இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, தபாலில் வீடு போய்ச் சேர்கிறது. சேரும் என்று நினைத்தா விட்டிருப்பார்.

பங்குனி. பொரிப்பகக் குழியின் மேல்மணல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. ஒரு மூக்கு. அசைவில்லை. பிறகு அடியிலிருந்து எல்லாம் சேர்ந்து முண்டுகின்றன.

சாலை விளக்குகள் கடலைவிடப் பளிச்சென்று இருக்கின்றன. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும். முழங்கால் தண்ணீரில் டார்ச்சோடு ஒருவர் நிற்கிறார்.

புறங்காலில் ஒன்று ஏறுகிறது. அசையக் கூடாது. சின்னத் துடுப்புகளின் நமநமப்பு. அதற்கு இது கால் இல்லை, ஒரு மேடு. ஏறுகிறது. கொஞ்சம் நிற்கிறது. இறங்கிப் போகிறது.

மேடாக இருப்பதில் ஏதோ லேசு.

ஆயிரத்தில் ஒன்று பிழைக்கும் என்கிறார்கள். எது என்று யாரும் கேட்பதில்லை.

வேலியருகே நாளைய நடைக்கு யார் யார் என்று பேச்சு. காலையில் ஆபீஸ் இருக்கிறது என்கிறார் ஒருவர். கொஞ்ச நேரம் கழித்து, எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.